டாய்லெட்டுக்குப் போக ஐரிஷ்ல பர்மிஷன் கேட்பது எப்படி

பொண்ணோட வீட்டுப்பாடத்துக்காக நானும் ஐரிஷ் கத்துக்க ஆரம்பிச்சிருக்கேன்னு ஆபீஸ் லஞ்ச் டேபிள்ல வாய் தவறிச் சொல்லிட்டேன். சுத்தி உட்கார்ந்திருந்த நாலு பேரும் அயர்லாந்தோட மேற்குல இருக்கிற இந்த கால்வே பக்கத்துலயே பொறந்து வளர்ந்தவங்க, நாலு பேரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே வாக்கியத்தை ஒப்பிச்சாங்க. "அன் வில் க்யாத் அகம் துல் கு ஜீ அன் லெஹரஸ்?" சொல்லி முடிச்சிட்டு அவங்களே விழுந்து விழுந்து சிரிச்சாங்க. என்னன்னு கேட்டா, "டீச்சர், நான் டாய்லெட் போகலாமா"வாம். ஸ்கூல்ல பதிமூணு பதினாலு வருஷம் கட்டாயப் பாடமா படிச்சதுல கடைசி வரைக்கும் மனசுல நிக்கறது இது ஒண்ணுதானாம், ஏன்னா அதை ஐரிஷ்ல கேட்டாதான் வெளிய விடுவாங்களாம்.

அவசரத்துல கத்துக்கிட்டது மறக்காதுதான். ஆனா அன்னிக்கு சாயங்காலம் அதே வாக்கியத்தை ஒரு பேப்பர்ல எழுதி வச்சு பிச்சுப் பிச்சுப் பார்த்தப்போ தெரிஞ்சுது, ஐரிஷ் இலக்கணத்துல பாதி இந்த ஒரு வரியிலேயே இருக்கு. அதை விட பெரிய விஷயம் ஒண்ணும் அதுல இருந்துச்சு, அதுக்குக் கொஞ்சம் கழிச்சு வரேன்.

நாங்க 2018ல கால்வே வந்தோம். பொண்ணு இங்கதான் பொறந்தா, இப்போ ஃபர்ஸ்ட் கிளாஸ். அவ ஸ்கூல் போற வரைக்கும் ஐரிஷ்ங்கறது எனக்கு போர்டுல இங்கிலீஷுக்கு மேல சாய்வெழுத்துல இருக்கிற ஏதோ ஒண்ணு, அவ்வளவுதான். 1937 அரசியலமைப்புச் சட்டப்படி இந்த நாட்டோட முதல் ஆட்சிமொழி இதுதான், இங்கிலீஷ் ரெண்டாவது. ஆனா கடையில, பேங்க்ல, ஆஸ்பத்திரியில எங்கயும் காதுல விழாது. 2022 சென்ஸஸ்ல பதினெட்டு லட்சத்துக்கும் மேல பேர் எனக்கு ஐரிஷ் தெரியும்னு டிக் போட்டிருக்காங்க, ஸ்கூலுக்கு வெளிய தினமும் பேசறவங்க கிட்டத்தட்ட 72,000 பேர்தான். நடுவுல இருக்கிற மிச்ச பேர்ல நாலு பேரு என் லஞ்ச் டேபிள்ல.

முதல்ல எல்லாரையும் பயமுறுத்தறது ஸ்பெல்லிங். என் டீம்ல ஒரு பொண்ணு பேரு என்-ஐ-ஏ-எம்-எச். வந்த முதல் வாரம் மீட்டிங்ல "நியாம்"னு கூப்பிட்டேன், பாவம் அதுவும் திரும்பிப் பார்த்துச்சு. "நீவ்"னு சொல்லணும். எம்-எச் சேர்ந்தா வ, பி-எச் சேர்ந்தாலும் வ. அதனாலதான் எஸ்-ஐ-ஓ-பி-எச்-ஏ-என் ஷிவான் ஆகுது. டி-எச் வந்தா வெறும் ஹ, எஃப்-எச் வந்தா சத்தமே கிடையாது. மொத்தம் பதினெட்டு எழுத்துதான் பழைய நெடுங்கணக்குல, இதுல எச்சுக்குன்னு தனியா பெருசா வேலை இல்லை, அடுத்தவன் பக்கத்துல போய் நின்னு அவனை மெலிய வைக்கிறதுதான் வேலை.

இந்த எச் புதுசா வந்து ஒட்டிக்கிட்ட ஆளுன்னு தெரிஞ்சப்போதான் எனக்கு பயம் போச்சு. முன்ன ஐரிஷுக்குன்னே தனி எழுத்து வடிவம் இருந்துச்சு, அதுல மெய்யெழுத்து மெலிஞ்சா அது தலைமேல ஒரு புள்ளி வைப்பாங்க. ஆமாங்க, நம்ம மாதிரியே புள்ளி! வேலை மட்டும் வேற. போன நூற்றாண்டு நடுவுல சாதா ரோமன் எழுத்துக்கு மாறினப்போ அந்தப் புள்ளிக்குப் பதிலா எச் போட்டாங்க, வார்த்தை எல்லாம் சடசடன்னு நீண்டு போச்சு. இப்போ நான் எச்சைப் பார்த்தா எழுத்தா பார்க்கிறதில்ல, புள்ளியாத்தான் பார்க்கிறேன். எம் மேல ஒரு புள்ளி, வ. முடிஞ்சுது கதை.

அடுத்த தொல்லை உயிரெழுத்து. எதுக்குடா இத்தனை ஏ, இ, ஐ, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்கார்ந்திருக்குன்னு தோணும். அதுல பாதிக்கு சத்தமே கிடையாது. பக்கத்துல இருக்கிற மெய் எப்படி ஒலிக்கணும்னு கைகாட்டி மரம் மாதிரி நிக்கும், அதோட சரி. ஐரிஷ்ல ஒவ்வொரு மெய்க்கும் ரெண்டு முகம், "லாஹன்"னா அகலமானது, "கீல்"னா ஒல்லியானது. ஏ, ஓ, யு பக்கத்துல இருந்தா அகலம், இ, ஐ பக்கத்துல இருந்தா ஒல்லி. மெய்க்கு ரெண்டு பக்கமும் ஒரே வகை உயிர்தான் இருக்கணும்னு ஒரு விதி, அந்த விதியைக் காப்பாத்தறதுக்காக சும்மா ஒரு உயிரைக் கொண்டு வந்து நிறுத்துவாங்க.

இது ஏதோ வேற்றுகிரக சமாச்சாரம்னு நினைக்க வேண்டாம், நாம தினமும் பண்றதுதான். "நடந்த"ல த த-வாவே இருக்கு. "அடித்த" மட்டும் ஏன் வாயில "அடிச்ச" ஆகுது? முன்னாடி இ இருக்கு, நாக்கு மேல போய் ஒட்டிக்குது, த ச-வா மாறிடுது. "படிச்ச", "வச்ச", "தச்ச" எல்லாம் இதே கதை. ஐரிஷ்ல இ, ஐ பக்கத்துல வர்ற டி-யும் கால்வே பக்கம் இப்படித்தான் கிட்டத்தட்ட ச்-ன்னு விழுது, எஸ் ஷ் ஆகுது. வீட்டுக்கு ஐரிஷ்ல "ச்சாஹ்", எழுதறது டி-இ-ஏ-சி-எச். இங்கிலீஷ் டீச்சுன்னு படிச்சுத் தொலைக்காதீங்க, நான் படிச்சேன்.

அகலமான டி வேற மாதிரி. இங்க நமக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம். இங்கிலீஷ்ல டி-யைப் பார்த்தா நாம ட-ன்னு நாக்கை மடிச்சே பழகிட்டோம். ஐரிஷ் அகல டி அப்படி இல்ல, நாக்கு பல்லுல படணும், அசல் த. இருக்குங்கறதுக்கு "தா". பிரதமர் "தீஷக்". டீக்கு என்ன தெரியுமா? "தே". தேயிலைல வர்ற அதே தே, ரெண்டுக்கும் மூலம் சீனாக்காரன் வார்த்தைதான். இங்கிலீஷ் மட்டுமே பேசி வளர்ந்தவங்க இந்த த-வுக்கு எவ்வளவு கஷ்டப்படறாங்கன்னு பார்த்திருக்கேன், பெருமையா இருக்கும்.

பெருமை ரொம்ப நாள் நிக்கலை. த-வுல ஜெயிச்சவ ப-வுல விழுந்தேன். பஸ்ல வர்ற ப-வுக்கும் அகலம் ஒல்லின்னு ரெண்டு இருக்கு. உதடு அகலமா வச்சு "போ"ன்னா மாடு. ஒல்லியா, நடுவுல ஒரு ய் நிழல் விழுற மாதிரி "ப்யோ"ன்னா உயிரோட இருக்கிறது. ஒரு நாள் ராத்திரி வேலை முடிஞ்சு செத்து சுண்ணாம்பாகி வந்து சோஃபால விழுந்தேன், பொண்ணு ஐரிஷ்ல எப்படி இருக்கேன்னு கேட்டா, நானும் ஸ்டைலா "உயிரோட இருக்கேன்"னு சொல்றதா நினைச்சு "தா மே போ"ன்னேன். அவ ஒரு நிமிஷம் என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்தா. "அம்மா, நீ மாடா?"

மறுநாள் இது டீச்சர் வரைக்கும் போயிடுச்சு. நம்ம ல, ள, ழ-வை வெள்ளைக்காரங்க எல்லாம் ஒண்ணாத்தான் கேட்பாங்கன்னு எத்தனை தடவை சிரிச்சிருக்கோம், அந்தப் பாவம்தான்னு நினைக்கிறேன். காது பழகறதுக்கு ஒரே வழி திரும்பத் திரும்பக் கேட்கறது. "ட்யாங்லன்"னு ஒரு இலவச அகராதி சைட் இருக்கு, வார்த்தையைப் போட்டா வடக்க அல்ஸ்டர், மேற்க கானக்ட், தெற்க மன்ஸ்டர்னு மூணு வட்டாரத்துக்காரங்களும் தனித்தனியா சொல்லிக் காட்டுவாங்க. ஏதாவது ஒரு வட்டாரத்தைப் பிடிச்சுக்கிட்டு அதுலயே நில்லுங்க. எப்படி இருக்கீங்கன்னு கேட்கறதுக்கே மூணு வட்டாரத்துக்கும் மூணு வாக்கியம், நான் முதல் மாசம் மூணையும் கலந்து அடிச்சது நெல்லை, கோவை, மெட்ராஸ் பாஷையை ஒரே மூச்சுல பேசின மாதிரி இருந்திருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிட்டு உச்சரிப்பை விடறேன். ரெண்டு மெய் சேர்ந்து வந்தா ஐரிஷ்காரங்களுக்கு சில இடத்துல பிடிக்காது, நடுவுல ஒரு குட்டி உயிரைச் சொருகிடுவாங்க. ஜி-ஓ-ஆர்-எம்னு எழுதி "கொரம்"னு சொல்வாங்க, நீலம்னு அர்த்தம். இந்தப் பழக்கம் இங்கிலீஷ்லயும் ஒட்டிக்கிட்டு, இங்க பெரியவங்க ஃபிலிமை "ஃபிலம்"னுதான் சொல்றாங்க. தாலுகா ஆபீஸ்ல "பாரம்" ஃபில்லப் பண்ணி வளர்ந்த எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருந்துச்சு.

சரி, இலக்கணம். ஐரிஷ் கத்துக்கறவங்க எல்லாரும் தலையில கை வைக்கிற இடம், வார்த்தையோட முதல் எழுத்து மாறுறது. கடைசி எழுத்து மாறினா யாரும் கவலைப்பட மாட்டாங்க, இங்க தலையே மாறுது, அகராதியில தேடினா கிடைக்காது. வீடு "ச்சாஹ்"னு பார்த்தோம்ல, "அ"ன்னா அவனோட. அதே "அ"தான் அவளோட, அதே "அ"தான் அவங்களோட. அப்போ எப்படித் தெரியும்? அவன் வீடு "அ ஹாஹ்". அவ வீடு "அ ச்சாஹ்". அவங்க வீடு "அ ஜாஹ்". அர்த்தம் முழுக்க அடுத்த வார்த்தையோட தலையில உட்கார்ந்திருக்கு.

இதுக்கு ஏன்னு தேடிப் படிச்சேன், படிச்சப்போ எட்டாம் கிளாஸ் தமிழ் டீச்சர் ஞாபகம் வந்தாங்க. ரொம்ப ரொம்ப முன்னாடி இந்த மூணு "அ"வும் வேற வேறயாத்தான் இருந்துச்சாம். அவனோட-ங்கறது உயிர்ல முடிஞ்சுது, அவளோட-ங்கறது ஸ்-ல, அவங்களோட-ங்கறது ம் மாதிரி ஒரு மூக்கொலியில. உயிருக்கு அடுத்து வந்த மெய் மெலிஞ்சுது, மூக்கொலிக்கு அடுத்து வந்தது கனத்துச்சு, ஸ் எதுவும் பண்ணலை. அப்புறம் காலப்போக்குல வால் அறுந்து போச்சு, அது பட்ட தழும்பு மட்டும் பக்கத்து வார்த்தை தலையில நின்னுடுச்சு.

இது புணர்ச்சிதானே! "மகன்"ல க-வை யாராவது அழுத்திச் சொல்றோமா, ரெண்டு உயிருக்கு நடுவுல மெலிஞ்சு கிட்டத்தட்ட ஹ ஆகுது. "பங்கு"ல அதே க ங்-க்கு அப்புறம் வந்ததால கனத்துடுது. நாம எழுத்துல காட்டறதில்ல, வாய் தானா பண்ணிக்குது. அவங்க எழுத்துல காட்டறாங்க. மெலிஞ்சா எச் சேர்ப்பாங்க, அதுக்குப் பேரு "ஷேவூ". கனத்தா புது எழுத்தை முன்னாடி போட்டு பழைய எழுத்தையும் பின்னாடி அப்படியே விட்டு வைப்பாங்க, இதுக்குப் பேரு "உரூ". கடை கைமாறினப்புறம் புது ஓனர் பேரை முன்னாடி எழுதி பழைய ஓனர் பேரையும் போர்டுல விட்டு வச்ச மாதிரி. வாசிக்கறது முதல் எழுத்தை மட்டும்தான், பழையது எதுக்குன்னா அகராதியில தேட. எனக்கு இது ரொம்ப நாகரிகமான ஏற்பாடாப் படுது. வல்லினம் மிகும் இடம், மிகா இடம்னு ஒரு காலத்துல நெட்டுரு போட்டவங்களுக்கு ஷேவூ வரும் இடம், உரூ வரும் இடம்னு இன்னொரு பட்டியல் பெரிய பாரமா தெரியாது. தெரியும், ஆனா பழகின பாரம்.

இப்போ டாய்லெட் வாக்கியத்துக்கு வரேன். ஒவ்வொரு வார்த்தையா வரிசை மாறாம தமிழ்ல போட்டா இப்படி வரும்: இருக்கா, பர்மிஷன், எங்கிட்ட, போக, வரைக்கும், அந்த, டாய்லெட். ஐரிஷ்ல வினை முதல்ல வந்து நிக்கும், அதான் இப்படித் தலைகீழா இருக்கு. சரி, தலைகீழா இருக்குன்னு நானே சொன்னப்புறம்தான் உறைச்சுது, அதைத் திருப்பிப் போட்டா என்ன ஆகும்?

டாய்லெட் வரைக்கும் போக எங்கிட்ட பர்மிஷன் இருக்கா.

நான் பேனாவைக் கீழ வச்சுட்டேன். அந்த-வைத் தவிர ஒரு வார்த்தை கூட நகர்த்தலை, கடைசியில இருந்து படிச்சேன், அவ்வளவுதான். தமிழைக் கண்ணாடியில காட்டின மாதிரி இருக்கு. இங்கிலீஷ்காரன் எனக்கு பர்மிஷன் உண்டான்னு "ஹேவ்" போட்டுக் கேட்பான், ஐரிஷ்ல அந்த மாதிரி வினையே கிடையாது, நம்மளை மாதிரி "எங்கிட்ட இருக்கு"தான். அந்த "கிட்ட"-வும் ஆளோட சேர்ந்து ஒரே வார்த்தையா ஒட்டிக்கும். அகம் எங்கிட்ட, அகத் உங்கிட்ட, அகிவ் உங்ககிட்ட. நமக்கு உருபு பின்னாடி ஒட்டுது, அவங்களுக்கு முன்னாடி.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு வாரத்துக்கு இதே பைத்தியம். பார்க்கிற போர்டை எல்லாம் பின்னாலிருந்து படிச்சேன். டப்ளினுக்கு ஐரிஷ் பேரு "ப்லா க்லீஅ"ன்னு வேகமா சொல்வாங்க, எழுதறப்போ மூணு வார்த்தை: ஊர், துறை, படல். ஆத்துல ஆழமில்லாத இடத்துல மூங்கில் தட்டி மாதிரி பின்னல் படல் போட்டுக் கடந்த துறை. திருப்பிப் போடுங்க, படல்துறை ஊர். மயிலாடுதுறைக்குப் பக்கத்துல இப்படி ஒரு ஸ்டேஷன் இருக்குன்னு சொன்னா நம்பிடுவீங்க. கனெமாரா கடலோரத்துல இனிஷ்போஃபின்னு ஒரு தீவு, தீவு, பசு, வெள்ளை. வெள்ளைப் பசுத் தீவு. நன்றி சொல்றதுக்கு "கு ரெவ் மா அகத்", இருக்கட்டும், நல்லது, உங்கிட்ட. உங்கிட்ட நல்லது இருக்கட்டும். பாட்டி யாராவது திண்ணையில உட்கார்ந்து சொல்ற மாதிரி இல்ல?

பேர் கேட்கறதுக்கு "உனக்கு என்ன பேரு"தான், உனக்கு-ங்கறது தனியா இருக்கு. பசிச்சா "பசி என் மேல இருக்கு". டீ பிடிக்கும்னா டீ எங்கூட நல்லதா இருக்குன்னு வரும். நான்-ங்கறவன் எல்லாத்தையும் பண்ற ஆளா நடுவுல நிக்காம, பசி, வருத்தம், பிடிச்சது எல்லாம் ஆள் மேல வந்து இறங்குது. "எனக்குப் பசிக்குது"ன்னு சொல்லி வளர்ந்தவங்களுக்கு இதுல விளக்கமே தேவையில்ல.

ஆமாம், இல்லைன்னு பதில் சொல்ல ஐரிஷ்ல வார்த்தை இல்ல. "அன் வில்?"னா இருக்கா, "தா"ன்னா இருக்கு, "நீல்"னா இல்ல. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அந்தக் கணக்குதான். என் ஆபீஸ்ல ஐரிஷ் மறந்து போனவங்க கூட இங்கிலீஷ்ல இப்படித்தான் பதில் சொல்றாங்க, வரீங்களான்னா எஸ் இல்ல, "ஐ ஆம்". பண்ணிட்டீங்களான்னா "ஐ டிட்". 1845ல ஆரம்பிச்ச பஞ்சத்துல பத்து லட்சம் பேர் செத்து, இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறி, அதுல ஐரிஷ் பேசின மேற்குப் பக்க ஏழைங்கதான் அதிகம் அடிபட்டு, மிச்சம் இருந்தவங்க பிள்ளைங்க பிழைக்கட்டும்னு இங்கிலீஷுக்கு மாறி, இத்தனைக்கும் அப்புறமும் எலும்புக்கூடு மட்டும் இங்கிலீஷுக்குள்ள நிமிர்ந்து நிக்குது.

எல்லாமே கண்ணாடின்னு கிளம்பிடாதீங்க, நான் கிளம்பி அடிபட்டேன். நாம "ஷான் நாயைப் பார்த்தான்"னு ஐ போட்டுத் தப்பிச்சுடறோம், ஐரிஷ்ல பெயருக்கு அந்த ஐ கிடையாது, பார்த்தான்-க்கு அடுத்து யார் வராங்களோ அவங்கதான் பார்த்தது. திருப்பிப் படிக்கிறப்போ கவனமா இல்லாட்டி நாய் ஷானைப் பார்த்துடும். எண்ணும் திரும்பாது, அவங்களுக்கும் நமக்கும் பெயருக்கு முன்னாடிதான். அப்புறம் ஆண்பால் பெண்பால் எல்லா ஜடப்பொருளுக்கும் உண்டு, அதுல நியாயம் தேடாதீங்க, பொண்ணுங்கற வார்த்தையே ஆண்பால். ஒழுங்கில்லாத வினை மொத்தமே பதினொண்ணுதான், இங்கிலீஷைப் படிச்சு முடிச்சவங்களுக்கு இது பிச்சாத்து.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மூணு பேரும் ஸ்பிடல் வரைக்கும் போனோம். கால்வேல இருந்து கடலை ஒட்டி மேற்க போனா ஐரிஷ் பேசற பகுதி, "கேல்டஹ்த்"ம்பாங்க. அங்க ரோட்டுல வழிவிடு போர்டு கூட ஐரிஷ்லதான், "கேல் ஷ்லீ". ஒரு சின்ன டீக்கடை. உள்ள போனதும் அங்க இருந்த அம்மா பொண்ணைப் பார்த்து "கே வேத் அகிவ்?"னு ஏதோ கேட்டாங்க. எத்தனை பேர்னு புரிஞ்சுது, நான் முந்திக்கிட்டு "ட்ரீ"ன்னேன். மூணு. பொண்ணு என் சட்டையைப் பிடிச்சு இழுத்து, "ட்ரீ இல்லம்மா, ட்ரூர்"னா.

ஆளுங்களை எண்ணறதுக்கு அவங்களுக்குத் தனி எண். பொருள்னா ட்ரீ, மனுஷங்கன்னா ட்ரூர். மூணு இல்ல, மூவர். இருவருக்கு ஒண்ணு, நால்வருக்கு ஒண்ணு, ஐவருக்கு ஒண்ணு, பதின்மர் வரைக்கும் போகுது. நாம மேடையில மட்டும் வச்சிருக்கிறதை அவங்க டீக்கடையில வச்சிருக்காங்க. நான் "ட்ரூர்"னு திருத்திச் சொன்னேன், "தே, லெ த ஹெல்"னு டீயும் கேட்டேன், த சுத்தமா விழுந்துச்சு. அதுல அந்த அம்மாவுக்கு சந்தோஷம் தாங்கலை, மளமளன்னு ஐரிஷ்ல பேச ஆரம்பிச்சுட்டாங்க, ஒரு நிமிஷம் விடாம. எனக்கு ஒரு வார்த்தை புரியலை. பொண்ணுக்கும் புரியலைன்னு முகத்துல தெரிஞ்சுது. என்ன சொல்றதுன்னு தெரியாம, எனக்குத் தப்பில்லாம சொல்ல வர்ற ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்.

"அன் வில் க்யாத் அகம் துல் கு ஜீ அன் லெஹரஸ்?"

அந்த அம்மா கவுண்டரைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க, கண்ணைத் துடைச்சுக்கிட்டே பின்பக்கம் கை காட்டினாங்க. அங்க ரெண்டு கதவு, ஒண்ணுல "ஃபிர்", ஒண்ணுல "ம்னா". படம் கிடம் எதுவும் இல்ல. ஃபிர்னா ஆம்பளைங்க, ம்னான்னா பொம்பளைங்க, இது எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். ஐரிஷ் பக்கமே தலை வைக்காத எங்க வீட்டுக்காரர், டீ வர்றதுக்குள்ள நானும் போயிட்டு வந்துடறேன்னு எழுந்தார், ரெண்டு கதவையும் ஒரு பார்வை பார்த்தார், எம்-ல ஆரம்பிக்கிற கதவோட கைப்பிடியில நம்பிக்கையா கை வச்சார்.

"அப்பாஆ!"